சகலை கொண்டுவந்த மூன்று சிடிக்கள்

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் எனக்குச் சகலை. அண்ணன் தம்பிகள் சொத்துக்காக முறைத்துக்கொள்வார்கள். சகலைகள் அதைவிட அற்பமான காரணங்களுக்கு முறைத்துக்கொள்வார்கள்: மாமனார் வீட்டில் யாருக்கு முதலில் இலை போட்டார்கள், யார் வந்தபோது மாமியார் வாசல்வரை வந்தார். எனக்கும் அந்தக் கணக்கெல்லாம் இருந்தது. மூத்த மாப்பிள்ளை நான். முதுகலை வணிகம் படித்தவன். ஆனாலும் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் சின்ன மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று வெளியில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிடும்.

நான் எழுத வந்தது ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பற்றி. அதைப் பற்றி எழுதினால் இதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

தேயிலை விலை விழுந்த காலம் அது. குன்னூருக்கு வெளியே, சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் ஒரு தனியார் ஃபேக்டரியில் நான் அலுவலக மேலாளராக இருந்தேன். இலைக்குக் கிடைக்கும் விலை, அதைப் பறிப்பவருக்குக் கொடுக்கும் கூலிக்கே கட்டவில்லை. பலர் பறிப்பதையே நிறுத்திவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, தோட்டம் காடாகிக்கொண்டிருந்தது. ஃபேக்டரியில் வாரத்தில் சில நாட்கள்தான் புகை வரும். என் சம்பளம் பாதியாயிற்று. அந்தப் பாதியும் நினைத்தபோது வந்தது.

வீட்டைத் தாங்கியது என் மனைவி. அவள் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு ஹையர் முடித்தவள். நல்ல காலத்தில் மகளுக்கென்று வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. மகள் கோயம்புத்தூர் விடுதிக்குப் போன பிறகு அதன்மேல் ஒரு துணி போர்த்தியிருந்தோம். அந்தத் துணியை எடுத்துவிட்டு, ஜன்னலில் 'டைப்பிங் செய்து தரப்படும்' என்று ஓர் அட்டையை மாட்டினாள். கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், பயோடேட்டா, பச்சை இலைக்கு நியாய விலை கேட்டுக் கலெக்டருக்குப் போகும் மனு என்று வேலை வந்துகொண்டே இருந்தது. அந்த மனுக்களை அடிக்கும்போது மட்டும் என்னைக் கூப்பிட்டு ஒரு முறை படித்துப் பார்க்கச் சொல்வாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மலையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பது கைக்குழந்தை வைத்திருப்பது போல. சீசனுக்கு வந்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரியாது. மழை பிடித்துக்கொண்டால் அலமாரியில் செருப்பில் பூசணம் பூத்துவிடும். தோல் பெல்ட்டில் வெள்ளைத் தாடி முளைக்கும். அதனால் துணி அலமாரிக்குள் எந்நேரமும் ஒரு குண்டு பல்பு எரியும். எங்கள் கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு மர அலமாரி, உள்ளே ஒரு பல்பு, ராத்திரிக்கு மேலே ஒரு கம்பளி. காலையில் தொட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சுவிட்சைப் போடுவோம். ஃப்ளாப்பிகளையும் அதே பல்பின் சூட்டில் அடுக்கி வைத்திருந்தாள். இருந்தும் சிலவற்றில் பூசணம் புள்ளி வைத்துவிடும்.

அந்த ஆனி மாதத்தில் அவளுக்கு ஒரு பெரிய வேலை கிடைத்தது. பக்கத்துக் கல்லூரியின் ஆசிரியை ஒருவர் நீலகிரி ஊர்ப்பெயர்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடு. தமிழில், தடித்த கையெழுத்துக் கட்டு. ஆவணி முடிவதற்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். அதை முடித்துக் கொடுத்தால் அவருடைய துறையில் மற்றவர்களும் வருவார்கள் என்று மனைவி நம்பினாள். வேலையைத் தொடங்கிய சில நாட்களில் கம்ப்யூட்டர் இழுக்கத் தொடங்கியது. ஒரு எழுத்தை அடித்தால் அது திரையில் வருவதற்குள் அவள் அடுத்த வார்த்தைக்குப் போயிருப்பாள். பிறகு நடுநடுவே அப்படியே நின்றது. அதில் இருந்த சிஸ்டம் பழையது. போதாததற்கு யாரோ கொண்டுவந்த ஃப்ளாப்பியிலிருந்து வைரஸ் வேறு. புதிதாக வாங்குவதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

"நான் பாக்கறேன்" என்றேன். ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் வந்தபோது அதை முதலில் தொட்டவன் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எதையெதையோ அழித்தேன், திரும்பப் போட்டேன். மாலையில் அது முன்னைவிட மெதுவாக ஓடியது.

மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

சகலை தொலைபேசி அலுவலகத்தில் இளநிலைப் பொறியாளர். என்னைவிட எட்டு ஒன்பது வயது இளையவர். மழைக்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து உள்ளே ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் மனைவி டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்ணா. உங்கூட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பல்லி குடும்பமே நடத்தீருக்குது. மொட்டு மொட்டா முட்டை."

"பல்பு சூட்டுக்கு வந்துருக்கும் தம்பி. வாடகை கேக்கோணும்" என்றாள் என் மனைவி. இரண்டு பேரும் மறுபடி சிரித்தார்கள். நான் கேட்டு அவள் அப்படி ஒரு வார்த்தை விளையாட்டாகப் பேசி மாதக்கணக்காகியிருந்தது. சம்பளம் பாதியான நாளிலிருந்து என்னிடம் அவள் அளந்துதான் பேசினாள். என் மனசு நோகக் கூடாது என்று அப்படிப் பேசினாள் என்பது இப்போது புரிகிறது. அன்று புரியவில்லை.

"மெஷின் நல்லாத்தான் இருக்குதுங்க்கா. அதும்மேல ஏத்தி வெச்ச சிஸ்டந்தான் கனம்" என்று அவர் பையிலிருந்து மூன்று சிடிக்களை எடுத்தார். காசு கொடுக்காமல் கிடைக்கும் லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டங்கள். டிஸ்க்கில் எதையும் தொடாமல், சிடியிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணா, நீங்க ஃபேக்டரில கப்பை வரிசையா வெச்சு ருசி பாப்பீங்கல்ல, அந்த மாதிரி மூணையும் பாத்தரலாமுங்க. எது நல்லாருக்குதுன்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைகூட எனக்கு உறுத்தியது.

முதல் சிடியைப் போட்டோம். அது எழுந்து வருவதற்குள் மனைவி பால் காய்ச்சி, டீ போட்டு, எங்களுக்குக் கொடுத்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டாள். ஆனால் வந்தபோது அழகாக வந்தது. நீலப் பின்னணி, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிழல், திறக்கும்போது மெல்ல விரியும் ஜன்னல்கள். "இதுதான் சிஸ்டம்" என்றேன். மனைவி மவுஸை நகர்த்தினாள். கை போய் வெகுநேரம் கழித்து அம்பு போனது.

இரண்டாவது சுமார். மூன்றாவதைப் போட்டபோது எங்கிருந்தோ ஒரு நாய்க்குட்டி குரைத்தது. அடுத்த ஊட்டு நாய் என்று நினைத்து மனைவி ஜன்னலைப் பார்த்தாள். குரைத்தது கம்ப்யூட்டர். திரையில் ஒரு நாய்க்குட்டிப் படம். மற்றபடி வெறும் சாம்பல் கட்டங்கள், பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அது மொத்தமாக மெமரியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மனைவி விசையை அழுத்தியதும் எழுத்து வந்தது. வேகமாக அடித்தாள், வேகமாக வந்தது. அவள் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதே போதுங்க தம்பி."

"இது டஸ்ட் மாதிரி இருக்குது" என்றேன். தூளில் ஆகக் கடைசியாகச் சலித்து விழும் பொடிக்கு எங்கள் தொழிலில் டஸ்ட் என்று பெயர். "முத சிடிதான் நயம் சரக்கு."

"டஸ்ட்டுலதானுங்ணா சாயம் சீக்கிரம் எறங்கும்" என்றார் சகலை. "உங்க ஃபேக்டரித் தூள்ல டீக்கடைக்காரங்க எதைக் கேட்டு வாங்கறாங்கோ?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காய்ந்த தூளின் மினுமினுப்பை மட்டும் பார்த்து விலை சொல்பவனை எங்கள் தொழிலில் யாரும் மதிக்க மாட்டார்கள். வெந்நீர் ஊற்றி, வாயில் இழுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அத்தனை வருடம் தொழிலில் இருந்தவன் அன்று மினுமினுப்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன். தப்பு என்று அப்போதே தெரிந்தது. அதைச் சகலை வாயிலிருந்து, என் மனைவி முன்னால் கேட்டதுதான் தாங்கவில்லை.

சகலை அந்தச் சின்னச் சிஸ்டத்தையே ஏற்றிக் கொடுத்தார். தமிழ் எழுத்துருவும் தட்டச்சு விசை முறையும் சரியாக வருவதற்கு அலுவலகம் விட்டு நாலைந்து மாலைகள் வந்தார். வரும்போதெல்லாம் வர்க்கி ரொட்டியோ வேர்க்கடலையோ ஒரு பொட்டலம் இருக்கும். "வாங்க சகலை" என்று வாயால் சொல்வேன். மனசுக்குள் அவர் எனக்கு 'அவன்'தான். ஆய்வேடு ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு காலையிலும் எங்கள் வீட்டில் நாய்க்குட்டி குரைக்கும். மனைவி "வந்துட்டான்" என்பாள். அவள் சொன்னது நாய்க்குட்டியை. எனக்குக் கேட்டது வேறு.

இதை மறைத்து எழுதினால் எழுதுவதில் அர்த்தம் இல்லை. அவர்கள் இருவரிடமும் ஒரு குற்றமும் கிடையாது. அவர் அவளுக்குத் தம்பி, அவ்வளவுதான். நான் பொறாமைப்பட்டது ஆணாக மட்டும் அல்ல. அந்த வீட்டில் எதையாவது சரிசெய்கிறவன் என்ற இடம் ஒன்று இருந்தது. ஃபேக்டரியில் என் இடம் ஆடிக்கொண்டிருந்தபோது, வீட்டில் மிச்சமிருந்த அந்த ஒன்றில் அவர் மழைக்கோட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆடி மாதத்தில் மனைவி ஒரு வளைகாப்புக்காக மேட்டுப்பாளையம் போனாள். ஃபேக்டரிக்கு இலை வராததால் எனக்கும் லீவு. சகலை மறந்து வைத்துவிட்டுப் போன அந்த முதல் சிடி அலமாரியில் இருந்தது. டிஸ்க்கில் முறையாக ஏற்றினால் வேகமாகத்தான் ஓடும், சிடியில் ஓட்டியதால்தான் இழுத்தது என்று எனக்குள் ஒரு வாதம் இருந்தது. அவள் திரும்பி வரும்போது அழகான நீலத் திரை இருக்க வேண்டும். "யாருங்க போட்டது?" என்று கேட்க வேண்டும். "நான்தான்" என்று அசட்டையாகச் சொல்லிவிட்டுப் பேப்பரைப் படிக்க வேண்டும். இவ்வளவுதான் என் திட்டம்.

நடுவில் அது ஒரு கேள்வி கேட்டது. டிஸ்க் முழுவதையும் எடுத்துக்கொள்ளட்டுமா, அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்று தெளிவான ஆங்கிலத்தில் கேட்டது. எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். படித்தேன், புரிந்தது. ஃப்ளாப்பியில்தான் எல்லாம் இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டேன். எல்லாம் இல்லை என்பதும், இருக்கிற ஃப்ளாப்பிகளில் பூசணம் பிடித்தவை உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அந்தச் சாம்பல் கட்டங்கள் ஒழியட்டும் என்ற எண்ணம் அதைவிடப் பெரிதாக இருந்தது. சரி என்று அழுத்தினேன்.

ஏற்றி முடித்துத் திரும்பத் திறந்தபோது நீலம் வந்தது. வந்து அப்படியே நின்றது. மவுஸ் அம்பு அசையவில்லை. சுவிட்சை அணைத்துப் போட்டேன். இந்த முறை நீலமும் வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் இமைத்துக்கொண்டிருந்தது. வெளியே மழை. நான் கம்ப்யூட்டரின் மேல் கம்பளியைப் போர்த்தினேன், பல்பைப் போட்டேன், சிடியை அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மனைவி வந்ததும் சேலைகூட மாற்றாமல் வேலைக்கு உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, இதென்னுங்க? குரைக்கவே மாட்டேங்குது."

"அவன் போட்டது அப்படித்தான் இருக்கும். டஸ்ட்டுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்."

அவள் சகலைக்குப் போன் செய்தாள்.

அவர் அரைமணி நேரத்தில் வந்தார். தன் நாய்க்குட்டி சிடியைப் போட்டுத் திறந்தார். அது வழக்கம்போலக் குரைத்தது. மனைவி அவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றேன். அவர் டிஸ்க்குக்குள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். அலமாரியில் இருந்த சிடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அக்கா, என்ற தப்புதானுங்க. போடறப்பவே ஒழுங்காப் போடாம உட்டுட்டேன். எல்லாம் அழிஞ்சு போச்சுங்க."

என் மனைவி "செரி தம்பி. போனது போவட்டும்" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் தன் தப்பு என்று உண்மையிலேயே நம்புகிறார் என்று முடிவு செய்துகொண்டேன். அப்படி முடிவு செய்வதுதான் எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை. ஏனென்றால் மறுநாள் காலையில் அவர் ஒரு ஜீப்பில் தன் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். எங்களுடையதைவிடப் புதியது. "இதுல அடிங்க்கா. ஆய்வேடு முடியட்டும்" என்றார். என் பழைய கம்ப்யூட்டரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். நான் செய்த வேலையின் பலன், அவருடைய கம்ப்யூட்டர் என் வீட்டுக் கூடத்தில், என் பல்பு வெளிச்சத்தில், என் கம்பளிக்குள் வந்து குடியேறியதுதான். மனைவி அதை இரவில் போர்த்தும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பூசணம் தப்பிய ஃப்ளாப்பிகளில் இரண்டு இயல்கள் கிடைத்தன. மீதியை முதலிலிருந்து அடித்தாள். காலை, மதியம் என்று பாராமல் அடித்தாள். வலது மணிக்கட்டு வீங்கியது. வெந்நீரில் உப்புப் போட்டு வைத்துக்கொண்டு மறுபடி உட்காருவாள். வெந்நீர் காய்ச்சிக் கொடுத்தது நான். அதற்கு அவள் சொன்ன நன்றியை நான் வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போதுதான் எனக்குக் கை கூசுகிறது, மற்றதைவிட இது.

ஆய்வேடு கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. நன்றியுரையில் ஆசிரியை என் மனைவியின் பெயரையும், கணினி தந்து உதவியவர் என்று சகலையின் பெயரையும் எழுதியிருந்தார். அதையும் அடித்தவள் என் மனைவிதான். "உங்க பேரையும் சேத்தச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தவில்லையே என்று அதற்கும் கோபப்பட்டேன்.

பிறகு ஃபேக்டரியை மூடினார்கள். மனைவியின் டைப்பிங்தான் சோறு போட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு சின்னக் கடையாகவும் ஆயிற்று. நான் அதில் ஜெராக்ஸ் எடுத்தேன். சகலை ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூருக்கு இறங்கிப் போனார். அவர் மலையை விட்டுப் போன அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் அவருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தது. பார்க்கப் போனோம். அக்கா தங்கைகள் சமையலறையில் இருந்தார்கள். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். அவருக்கு என் முகம் சரியாகத் தெரியாது என்ற தைரியத்தில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"சகலை, அந்தக் கம்ப்யூட்டரை அழிச்சது நான்தான்."

"தெரியுமுங்ணா."

"எப்படி?"

"ஏத்தறப்ப யூசர் பேர் கேக்குமில்லீங்களா? உங்க பேரைக் குடுத்திருந்தீங்க. டிஸ்க்கைத் திறந்ததும் உங்க பேர்லதான் முத ஃபோல்டர். படிப்பையும் சேத்துப் போட்டிருந்தீங்க, எம்.காம்.னு."

அவர் சிரித்தார். கேலியாக இல்லை. நிஜமாகவே அவருக்குச் சிரிப்பாக இருந்தது.

"அப்பறம் ஏன் உன் தப்புன்னு சொன்னே?" முதல்முறையாக அவரை ஒருமையில் கூப்பிட்டேன், அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"நீங்க சொல்லுவீங்கன்னு சித்த நேரம் பாத்தனுங்க. சொல்லலை. ஃபேக்டரி வேற அப்படி இருந்துச்சு. செரி, போகட்டும்னு உட்டுட்டேன். அதெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா. கண்ணுக்குச் சொட்டு மருந்து போடோணும், அந்தப் பாட்டிலை எடுங்க."

மருந்து விடத் தெரியாமல் கன்னத்தில் விட்டேன். அதற்கும் சிரித்தார்.

மாலையில் மலை ஏறும் பஸ்ஸில் திரும்பினோம். பர்லியாரில் வண்டி நின்றபோது மனைவி இறங்கி ஒரு பை மங்குஸ்தான் வாங்கி வந்தாள். மணிக்கட்டு இன்னும் அவளுக்குச் சரியாக வளையாது. பழத்தை என்னிடம் கொடுத்து அமுக்கிப் பிளக்கச் சொன்னாள். பிளந்துகொண்டே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், வெந்நீரைக்கூட.

அவள் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள்.

"நான் தம்பிக்குப் பக்கத்துலதானுங்க உக்காந்திருந்தேன். எனக்கும் கண்ணு தெரியுமில்ல?"

"உனக்கும் தெரியுமா? அவருக்குத் தெரியுமா, உனக்குத் தெரியும்னு?"

"தெரியாமெ என்னுங்க? தம்பி அந்த ஃபோல்டரைச் சட்டுனு மூடுச்சு. நான் மூடட்டும்னு உட்டுட்டேன். அதுக்கப்பறம் அதைப் பத்தி நாங்க ஒரு வார்த்தை பேசிக்கலை."

பஸ் வளைவில் திரும்பியது. அவள் தோளில் இடிக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடம் என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நான் அழுதிருக்க வேண்டும். குறைந்தது வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கம் வந்தது, ஆனால் குன்னூர் நெருங்கும்போதுதான் வந்தது. அதற்கு முன்னால், அந்த வளைவில், எனக்குள் எழுந்தது வேறு: அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வார்த்தைகூடத் தேவைப்படாமல் ஒரு ரகசியம் இருந்திருக்கிறது, நான் இல்லாமல்.

"பழம் இன்னொண்ணு உடைங்க" என்றாள். உடைத்துக் கொடுத்தேன்.